ஒரு சதுர மைல்

ஜெட் விமானம் குடிப்பது மண்ணெண்ணெயைத்தான், சுத்திகரிப்பும் தரச்சான்றும் விலையும் வேறாக இருக்கலாம், வாசனை அதேதான், ஆனால் பெரிய விமான நிலையங்களில் அந்த வாசனை நம்மை எட்டாதபடி கட்டடத்திலிருந்து விமானத்தின் வாசல்வரை ஒரு நடைகூண்டை நீட்டிவைத்துவிட்டார்கள், அதற்குள் உருட்டுப்பெட்டியை இழுத்துக்கொண்டு போகிறவனுக்குத் தரைவிரிப்பின் பழைய வாடையும் முன்னால் போகிறவர் பூசியிருக்கும் சென்ட்டும்தான் மிஞ்சும். நியூ ஜெர்சியின் டீட்டர்பரோவில் நடைகூண்டு கிடையாது. மன்ஹாட்டனிலிருந்து பன்னிரண்டு மைல் தள்ளியிருக்கும் அந்த விமான நிலையம் முழுக்கவும் சொந்த விமானம் வைத்திருப்பவர்களுக்கும் வாடகைக்கு எடுப்பவர்களுக்கும்தான், கார் நேராகப் போய் விமானத்தின் பக்கத்தில் நிற்கிறது, இறங்கினால் காற்று முகத்தில் அடிக்கிறது, அந்தக் காற்றில் எரிந்த மண்ணெண்ணெயின் நெடி வந்தது, நான் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றேன்.

"என்ன மாமா, தலை சுத்துதா?" என்றான் மருமகன். என் தங்கை மகன், அவன் வேலை பார்க்கும் நிறுவனம் சிகாகோவில் ஒரு கூட்டத்துக்காக அந்தச் சின்ன ஜெட்டை வாடகைக்கு எடுத்திருந்தது, வரவேண்டிய ஒருவர் கடைசி நேரத்தில் வரவில்லை, "ஒரு சீட் சும்மாதான் போகுது, உங்க பழைய ஊரை ஒரு தடவை பாத்துட்டு வந்துருங்க" என்று முந்தின நாள் கூப்பிட்டிருந்தான், கூடவே என் எடை என்ன என்றும் கேட்டிருந்தான். சின்ன விமானத்தில் ஆள் எடையையும் பெட்டி எடையையும் கூட்டிப் பார்த்துத்தான் யாரை எங்கே உட்காரவைப்பது, எவ்வளவு எண்ணெய் ஊற்றுவது என்று முடிவு செய்வார்கள், அது எனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் கோட்டு சூட்டுப் போட்ட நாலு பேருக்கு நடுவில் என் எடை ஒரு தாளில் எழுதப்பட்டிருக்கிறது என்பதில் கொஞ்சம் கூச்சமிருந்தது. வரிசை இல்லை, செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை, விமானியே வந்து கைகொடுத்து அடையாள அட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தின்பண்டம் இந்த இழுப்பறையில் இருக்கிறது என்று காட்டினார். தலை சுற்றவில்லை என்று மருமகனிடம் சொன்னேன்.

மண்ணெண்ணெய் நெடி என்றால் எங்கள் தலைமுறைக்கு ஊர் ஞாபகம் வரவேண்டும். சாத்தூரில் ஆச்சி சாயங்காலம் விளக்கு வைப்பதற்கு முன்னால் அரிக்கேன் சிம்னியைச் சாம்பல் தொட்ட துணியால் துடைத்து, திரியைக் கத்தரித்து, விரலில் ஒட்டிய எண்ணெய் போகப் புளிச்சக்கையால் தேய்த்துக் கழுவி, கழுவிய விரலை முகர்ந்து பார்த்து, திருப்தியில்லாமல் இன்னொரு தடவை கழுவுவாள், அவளிடம்தான் போகும் என்று நானும் ஒரு விநாடி காத்திருந்தேன். போகவில்லை. நினைவு அமெரிக்காவைத் தாண்டவே இல்லை, சிகாகோவின் தென்மேற்குப் பக்கத்தில் ஒரு செங்கல் வீட்டின் புழக்கடைக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த படுக்கை விரிப்பில் போய் உட்கார்ந்துகொண்டது.

எண்பதுகளின் நடுவில் நான் அந்த வீட்டின் கீழ்த்தளத்தில், பாதி மண்ணுக்குள் இருக்கும் அறையில் குடியிருந்தேன். 63ஆம் தெருவுக்குத் தெற்கே, சிசரோ அவென்யூவுக்குக் கிழக்கே, சிகாகோ பங்களா என்று பெயர், பெயரைக் கேட்டுத் தோட்டமும் போர்ட்டிகோவும் எதிர்பார்க்கக் கூடாது, ஒன்றரை மாடிச் செங்கல் வீடு, முன்னால் நாலு படி, பின்னால் ஒரு சந்து, இதே மாதிரி பல்லாயிரம் வீடுகளை முதல் உலகப்போருக்கு முன்னும் பின்னுமாகத் தொழிலாளிகளுக்குக் கட்டித் தள்ளினார்கள். வீட்டுக்காரப் பாட்டி போலந்து வம்சம், தெருவே அவரைப் பூஷா என்று கூப்பிட்டது, சிகாகோவின் போலந்துக்காரர் வீடுகளில் பாட்டி என்றால் பூஷாதான், நானும் அப்படியே கூப்பிட்டேன். வீட்டுக்கு அந்தப் பக்கம் மிட்வே விமான நிலையம். ஒரு காலத்தில் உலகத்திலேயே அதிக நெரிசலான விமான நிலையம் என்ற பட்டத்தை வைத்திருந்தது, ஜெட்டுகள் வந்ததும் அதன் குட்டை ஓடுதளங்கள் போதாமல் 1962இல் பெரிய கம்பெனிகள் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு ஓஹேருக்குப் போய்விட்டன, அப்புறம் பல வருடம் இடம் தூங்கிக் கிடந்தது, 1979இல் மிட்வே ஏர்லைன்ஸ் என்றொரு புதுக் கம்பெனி வந்து டிசி-9 விமானங்களை ஓட்டத் தொடங்கியபின் மறுபடியும் கூரைகள் அதிரத் தொடங்கின. நான் போய்ச் சேர்ந்தது அந்த அதிர்ச்சிக்கு நடுவில்.

பூஷா துணி உலர்த்தும் இயந்திரத்தை நம்பமாட்டார், வாங்கித்தர மகன் தயாராக இருந்தும் வேண்டாமென்றுவிட்டார், ஏப்ரல் முதல் அக்டோபர்வரை எல்லாத் துணியும் கொடியில்தான், தென்கிழக்கு நோக்கி விமானங்கள் ஏறும் நாளில் எடுத்து மடித்தால் தலையணை உறையில் மண்ணெண்ணெய் வாசனை இருக்கும், ராத்திரி அதில் தலைவைத்துப் படுத்தால் தூக்கம் உடனே வரும், காரணம் சாத்தூரா களைப்பா என்று நான் ஆராய்ந்ததில்லை. அவரிடம் எனக்கு மிகவும் பிடித்த பழக்கம் ஒன்றுண்டு, பேசிக்கொண்டிருக்கும்போது விமானம் தலைக்கு மேல் வந்தால் சொல்லின் பாதியில் நிறுத்திவிடுவார், காப்பிக் கோப்பை உதட்டுக்கும் மேசைக்கும் நடுவில் நிற்கும், கண் இமைக்கும், டிசி-9 போய் முடிந்ததும் அந்தச் சொல்லின் மீதிப் பாதியிலிருந்து தொடர்வார், என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. தெருவில் வயதானவர்கள் எல்லோருமே அப்படித்தான், பாதிரியார் உட்பட. சாமான் அலமாரிக்குள் பூஷாவின் கணவரின் கம்பளிக் கோட்டு தொங்கியது, மனிதர் யூனியன் ஸ்டாக் யார்ட்ஸில், ஊரே மூக்கைப் பிடித்துக்கொண்ட அந்த மாட்டுச் சந்தையில் வேலை பார்த்தவர், சந்தை 1971இல் மூடப்பட்டது, பல வருடம் கழித்தும் மழைநாளில் அந்தக் கோட்டுக்குள்ளிருந்து ஒரு மாட்டு வாடை வரும், பூஷா அலமாரிக் கதவைத் திறந்து ஒரு நிமிஷம் நின்றுவிட்டு மூடுவார், துக்கமெல்லாம் இல்லை, பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொல்வார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு போலந்துக்காரர்களுக்கு முக்கியம், மேசை விரிப்புக்கு அடியில் வைக்கோல் பரப்புவார்கள், இறைச்சி கிடையாது, பன்னிரண்டு பண்டம் இருக்கவேண்டும் என்பது முறை, பூஷா எண்ணிக்கை குறைந்தால் ரொட்டியையும் உப்பையும் சேர்த்துக்கொள்வார். நான் அப்போது இறைச்சி தொடாதவன் (இப்போது தொடுகிறேன், அது வேறு கதை), பீட்ரூட் ரசமும் உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டையும் முட்டைக்கோஸும் காளானும் எனக்கு அமெரிக்காவில் கிடைத்த முதல் விருந்து. எதிர்பாராமல் வரும் விருந்தாளிக்கென்று ஒரு நாற்காலியும் தட்டும் காலியாக வைப்பார்கள், என்னை அதில் உட்காரவைத்தார், உட்கார்ந்ததும், உண்மையிலேயே இன்னொருவர் வந்து கதவைத் தட்டினால் நீ எழுந்துகொள்ள வேண்டியிருக்கும் என்று முகத்தில் சிரிப்பில்லாமல் சொன்னார். வானத்தில் முதல் நட்சத்திரம் தெரிந்தபிறகுதான் சாப்பாடு தொடங்கும், பேரப்பிள்ளைகள் சன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு காத்திருப்பார்கள், ஏரிப் பக்கத்தில் ஒரு வெளிச்சம் தோன்றியதும் ஒரு பையன் கத்தினான், பூஷா சமையலறையிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்காமல், "அது நட்சத்திரம் இல்லை, அது டெட்ராய்ட்" என்றார், கொஞ்ச நேரத்தில் டெட்ராய்ட் கூரையை உரசிக்கொண்டு இறங்கியது.

ஜெட் மேலே ஏறியபோது நான் இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன், பெரிய விமானங்கள் பறக்கும் உயரத்தையும் தாண்டி நாற்பதாயிரம் அடிக்கு மேல் போனபோது வானம் மேல்பக்கத்தில் கருநீலமாகிவிட்டது, எதிரும் புதிருமான தோல் நாற்காலிகளில் மருமகனின் ஆட்கள் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு கீழே யாருமே பார்க்கவில்லை. பென்சில்வேனியாவின் மலைமடிப்புகள் முடிந்து ஒஹையோவில் தரை தட்டையானதும் கட்டம்கட்டமாக வயல்கள், நில அளவைக்காரர்கள் 1785ஆம் வருடச் சட்டத்தின்படி மைலுக்கு மைல் கோடு கிழித்துப் பிரித்த நாடு, சாலையும் வேலியும் பண்ணை எல்லையும் அந்தக் கோட்டிலேயே ஓடுகின்றன. சிகாகோவும் அதே கட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது, எட்டுத் தெரு எண்களுக்கு ஒரு மைல், 55ஆம் தெருவிலிருந்து 63ஆம் தெருவரை ஒரு மைல், சென்ட்ரலிலிருந்து சிசரோவரை ஒரு மைல், நடுவிலிருக்கும் அந்த ஒரு சதுர மைல்தான் மிட்வே. வரைபட மேசையில் வேலை பார்த்தவனுக்கு இந்தக் கணக்கெல்லாம் விரல்நுனியில் இருந்தது, இன்னும் போகவில்லை.

முதல்முதலாக நான் அந்த ஊருக்குள் நுழைந்தது கிரேஹவுண்டு பஸ்ஸில். கிளார்க் தெருவும் ரண்டால்ஃப் தெருவும் சேரும் முனையில் இருந்தது பழைய பஸ் நிலையம், பஸ்கள் வந்து நிற்பது தரைக்கடியில், ராத்திரி முழுக்க உட்கார்ந்து வந்த இடுப்போடு டீசல் புகைக்குள் இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினால் திடீரென்று நகரம், அது ஒரு விடியற்காலை, மேம்பால ரயில் இரும்புத்தூண்கள்மேல் வளைவில் கிறீச்சிட்டது, மேற்கிலிருந்து காற்று, அந்தக் காற்றில் சாக்லேட் வாசனை. பசிமயக்கம் என்று நினைத்தேன். ஆற்றுக்கு மேற்கே கின்ஸி தெருவில் பிளாமர் என்ற சாக்லேட் தொழிற்சாலை 1939இலிருந்து கோகோக் கொட்டை வறுத்துக்கொண்டிருந்தது, காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் வக்கீல்களும் பிச்சைக்காரர்களும் வங்கி குமாஸ்தாக்களும் ஒரே மாதிரி மூக்கைத் தூக்குவார்கள், ஊரில் எல்லோருக்கும் பங்கிருந்த சொத்து எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். அந்தத் தொழிற்சாலையை 2024இல் மூடிவிட்டார்கள், பஸ் நிலையம் அதற்கு வெகுகாலம் முன்பே, 1989இல் போய்விட்டது. பஸ்ஸில் வருகிறவனுக்கு ஊர் முதலில் மூக்கில், அப்புறம் காதில், அப்புறம் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கும்போதுதான் கண்ணில், அந்த வரிசையை நான் அப்போது கவனித்திருக்க நியாயமில்லை, நாற்பதாயிரம் அடியில் கண்ணுக்கு மட்டுமே எல்லாம் கிடைத்தபோதுதான் உறைத்தது.

சிகாகோவுக்கு வேறு வாசல்களும் இருந்தன. நான் வேலை பார்த்தது பாலங்களும் கட்டடங்களும் வடிவமைக்கும் ஒரு சின்ன அலுவலகம், ஒருநாள் முதலாளி மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு கூட்டத்துக்குப் போகவேண்டியிருந்தது, வரைபடச் சுருள்களைத் தூக்கிக்கொண்டுவர ஆள் வேண்டும், என்னைக் கூப்பிட்டார், ரயிலில் என்று நினைத்துக்கொண்டு போனேன், மெக்ஸ் ஃபீல்டுக்குக் கூட்டிப்போனார். மிஷிகன் ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு துண்டு நிலம், 1933இல் நடந்த உலகக் கண்காட்சிக்கு உபயோகப்பட்ட செயற்கைத் தீவு, நார்தர்லி ஐலண்டு என்று பெயர், அங்கே 1948இல் திறந்த விமானத்தளம் அது, மெரில் மெக்ஸ் என்ற பத்திரிகை அதிபரின் பெயரை வைத்திருந்தார்கள், நாலாயிரம் அடிக்குக் கொஞ்சம் குறைவான ஒரே ஓடுதளம், ஒருபக்கம் தண்ணீர், மறுபக்கம் படகுத்துறை, அதற்கப்பால் கைநீட்டும் தூரத்தில் நகரத்தின் கோபுரங்கள். வாடகைக்கு எடுத்த விமானம் என்றாலும் இன்றைய ஜெட்டின் ஆடம்பரம் எதுவுமில்லை, இரண்டு விசிறி, ஆறு இருக்கை, ஒரு இருக்கையின் தோல் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. விமானி எழுபதை நெருங்கியவர், ஃபிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் குடித்து முடித்து மூடியை உதறித் துடைத்து மூடிவிட்டு எழுந்தார், எழுந்து விமானத்தைச் சுற்றி வந்தார், இறக்கையின் விளிம்பை உள்ளங்கையால் தடவிக்கொண்டே, மாட்டுத்தரகர் பல் பிடித்துப் பார்க்கிற நிதானத்தோடு. இறக்கைக்கு அடியில் ஒரு கண்ணாடிக் குழாயைச் சொருகி ஒரு மிடறு எண்ணெய் பிடித்தார், அதை வானத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார், அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்ப்பதற்கு, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து முகர்ந்தார், பின்பு சட்டென்று தரையில் வீசிவிட்டார். அது மண்ணெண்ணெய் இல்லை, விசிறி விமானங்களுக்கான பெட்ரோல், அடையாளத்துக்காகச் சாயம் கலந்திருப்பார்கள், காலை வெயிலில் ஏரியின் எதிரே அந்த ஒரு மிடறு நீலம் ஏரியைவிட நீலமாக இருந்தது.

அப்புறம் தொண்ணூறுகளில் விடுமுறைக்குச் சாத்தூர் போயிருந்தபோது ரேஷன் கடை வாசலில் ஒரு பெரியவர் தகர டின்னிலிருந்து பாட்டிலுக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார், கள்ளச்சந்தைக்குப் போகாமலிருக்க அதற்கும் நீலச் சாயம் போட்டிருந்தார்கள், பாட்டிலைத் தூக்கி வெயிலில் பிடித்து அளவு சரிதானா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார், நான் வெயிலில் நின்று மெக்ஸ் ஃபீல்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரில் ஊர் ஞாபகம் வராமல் சிகாகோ ஞாபகம் வருவது எனக்கு அதற்கு முன்பே தொடங்கிவிட்ட வியாதி.

மெக்ஸிலிருந்து மேலெழும்பினால் கட்டடங்கள் இடதுபக்கச் சன்னலில் வரிசையாக எழும், சியர்ஸ் டவர் எல்லாவற்றுக்கும் பின்னால், 1,450 அடி, கறுப்பு. "எண்ணிப் பார்" என்றார் முதலாளி. ஒன்பது சதுரக் குழாய்களைச் சேர்த்துக் கட்டிய கட்டடம் அது, இரண்டு ஐம்பதாவது மாடியோடு நின்றுவிடும், இரண்டு அறுபத்தாறில், மூன்று தொண்ணூறில், மிச்சமிருக்கும் இரண்டுதான் நூற்றுப் பத்துவரை போகும், டாக்காவில் பிறந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான் என்ற பொறியாளரின் யோசனை, காற்றின் தள்ளலை உள்ளே ஒரு முதுகெலும்பு வாங்குவதற்குப் பதில் வெளிச்சுவரே வாங்கிக்கொள்ளும். அவர் 1982இல் போய்விட்டார், எங்கள் அலுவலகத்தில் அவர் பெயரைச் சொல்லும்போது கிழவர்கள் குரலைத் தாழ்த்துவார்கள், அதே துணைக்கண்டத்துக்காரன் என்பதற்காக எனக்கும் கொஞ்சம் மரியாதை மிச்சம் விழுந்தது, நான் அதை மறுத்ததில்லை.

2003ஆம் வருடம் மார்ச் 30ஆம் தேதி நள்ளிரவில் மேயர் ரிச்சர்ட் டேலியின் உத்தரவின்படி புல்டோசர்கள் போய் மெக்ஸ் ஃபீல்டின் ஓடுதளத்தில் பெரிய பெரிய பெருக்கல் குறிகளாகப் பள்ளம் தோண்டின, முன்னறிவிப்பு இல்லை, விடிந்தபோது பதினாறு விமானங்கள் பறக்க வழியில்லாமல் நின்றன, பிறகு பக்கத்துச் சின்னப் பாதையிலிருந்து அவற்றை ஏற்றி அனுப்பினார்கள். தீவிரவாதிகளுக்குப் பயந்து என்றார் மேயர், பூங்கா வேண்டுமென்று அவர் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது எல்லோருக்கும் தெரியும், மத்திய அரசு 33,000 டாலர் அபராதம் போட்டது, அந்த ஊர் பட்ஜெட்டில் அது வெற்றிலைபாக்குச் செலவு. எங்கள் வீட்டில் அதிகம் துக்கப்பட்டவன் என் மகன், கணினியில் மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் விளையாடிய பிள்ளைகள் உலகம் முழுக்க முதலில் ஏறியது மெக்ஸ் ஃபீல்டிலிருந்துதான், விளையாட்டைத் திறந்தாலே அந்த ஓடுதளத்தில்தான் கொண்டுபோய் நிறுத்தும், அவன் நேராக ஏரிக்குள் விழுவான், மறுபடி தொடங்குவான், மறுபடி விழுவான். நியூ ஜெர்சியில் எங்கள் எடிசன் வீட்டின் மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, நேரில் பார்த்தே இராத ஒரு விமானத்தளத்துக்காக அவன் ஒருநாள் முழுக்க முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தான், நான் அங்கே நின்று ஏறியவன், நான் வேலைக்குப் போய்விட்டு வந்தேன்.

அந்த ஊருக்கு வந்து சேர்ந்த விதத்தைச் சொல்லப்போனால் நம் ஆட்கள் எல்லோரும் கேட்கும் ஒருவர் இருக்கிறார். அப்பா ஒரு கோடையில் வந்திருந்தபோது சியர்ஸ் டவர் வேண்டாம், ஏரி வேண்டாம், விவேகானந்தர் பேசிய இடத்தைக் காட்டு என்றார். மிஷிகன் அவென்யூவில் இன்று ஆர்ட் இன்ஸ்டிட்யூட் இருக்கும் கட்டடம், 1893 செப்டம்பர் 11ஆம் தேதி மதங்களின் மாநாடு அங்கே தொடங்கியது. மதராஸில் அளசிங்கப் பெருமாளும் கூட்டாளிகளும் வீடு வீடாகப் போய்த் திரட்டிய பணத்தையும் வைத்துக்கொண்டு கப்பலேறி, வான்கூவரில் இறங்கி, ரயிலில் ஜூலை கடைசியில் சிகாகோ வந்து பார்த்தால் மாநாட்டுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது, கைக்காசு கரைகிறது, பாஸ்டன் பக்கம் போய்விட்டுத் திரும்பி வரும்போது விலாசம் தொலைந்துபோய், ரயில் யார்டில் ஒரு காலிப் பெட்டியில் ராத்திரியைக் கழித்தார் என்று அவர் சரித்திரம் எழுதியவர்கள் சொல்கிறார்கள். அப்பாவுக்கு உரையைவிட அந்தக் காலிப் பெட்டிதான் முக்கியம், குளிர்ந்திருக்குமே, போர்த்திக்கொள்ள என்ன இருந்திருக்கும் என்று படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். எழுந்திருக்கும்போது வாசலில் நிற்கும் வெண்கலச் சிங்கத்தை, சுவாமி இதன் பக்கமாகத்தானே உள்ளே போயிருப்பார் என்று தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சிங்கங்கள் 1894இல்தான் வைக்கப்பட்டன. சொல்லவில்லை, சொல்லி என்ன ஆகப்போகிறது.

கேரியின் இரும்பாலைகளைத் தாண்டி ஜெட் ஏரி ஓரமாக இறங்கத் தொடங்கியது, ஊர் ஒரு பொம்மைக்கடையின் சுத்தத்தோடு சன்னலில் கிடந்தது, தென்கிழக்கிலிருந்து பங்களாக் கூரைகளின்மேல் தாழ்ந்து வந்து, 63ஆம் தெருவைத் தாண்டி ஓடுதளத்தைத் தொட்டோம், எந்தக் கூரை என்று கண்டுபிடிக்க முயன்றேன், அதற்குள் முடிந்துவிட்டது. இறங்கியதும் ஒரு வரவேற்பறை, மங்கின விளக்கு, சத்தமில்லாத தொலைக்காட்சி, இலவச பாப்கார்ன், பேர் சொல்லி வரவேற்ற ஒரு பெண், வேறு ஆள் யாரும் இல்லை, யாருக்காகவும் யாரும் காத்திருக்கவில்லை, வாசலில் கறுப்பு வண்டிகள் எஞ்சின் ஓட நின்றன. டீட்டர்பரோவில் கார் கதவைத் திறந்ததிலிருந்து மிட்வேயில் கார் கதவை மூடியதுவரை ஒரு பெட்டியைக்கூட நான் தூக்கவில்லை, ஒருவர் தோளும் என் தோளில் இடிக்கவில்லை, இத்தனை ஆயிரம் டாலர் கொடுத்து எதை வாங்கினார்கள் என்று யோசித்தால் இதைத்தான், இந்த இடிக்காமையைத்தான். மருமகன் நல்ல பிள்ளை, "ஒரு வண்டிய நீங்களே வெச்சுக்கங்க மாமா, ராத்திரி டின்னருக்கு ஓட்டலுக்கு வந்துருங்க" என்று சொல்லிவிட்டு நகரத்துக்குள் போய்விட்டான்.

வீடு இருந்தது. கொடிக்கம்பம் இல்லை, சுவரில் ஒரு குழாய்வழியாக உலர்த்தும் இயந்திரத்தின் சூடான மூச்சு வந்துகொண்டிருந்தது, அதில் லாவண்டர் வாசனை. தெருவில் போலந்துப் பெயர்ப் பலகைகள் போய் ஸ்பானிஷ் வந்திருந்தது, கதவைத் திறந்த அம்மாளுக்கு என் ஆங்கிலமும் எனக்கு அவர் ஸ்பானிஷும் புரியவில்லை, பள்ளிக்கூடச் சீருடையில் இருந்த மகள் நடுவில் நின்று மொழிபெயர்த்தாள், நாற்பது வருடத்துக்கு முன்னால் கீழ்த்தளத்தில் குடியிருந்தேன் என்றதும் அந்த அம்மாள் யோசிக்காமல் உள்ளே வாருங்கள் என்று கையைக் காட்டினார், விருந்தாளியை நாற்காலியில் உட்காரவைப்பதில் அந்த வீடு கைமாறவில்லை. விமான நிலையத்தைச் சுற்றியுள்ள வீடுகளுக்கு மாநகராட்சி செலவில் தடித்த கண்ணாடிச் சன்னல்கள் போட்டுக்கொடுத்திருக்கிறார்கள், இந்த வீட்டுக்கும் போட்டிருந்தார்கள், மகள் பெருமையாகத் தட்டிக் காட்டினாள். பேசிக்கொண்டிருக்கும்போது சன்னலில் ஒரு நிழல் ஓடியது, அலமாரியில் கண்ணாடி டம்ளர்கள் லேசாக ஒன்றோடொன்று உரசின, அவ்வளவுதான், அம்மாள் பேச்சை நிறுத்தவில்லை, நான் மட்டும் காப்பிக் கோப்பையைப் பாதியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், மகள் என்னை விநோதமாகப் பார்த்தாள். பழக்கம், என்று சொல்லிவைத்தேன்.

நடைபாதைக்கு வந்ததும் மருமகன் ஃபோனில் கூப்பிட்டான், எங்க இருக்கீங்க மாமா, ஏழு மணிக்கு டேபிள் சொல்லியிருக்கு என்றான், வந்துட்டே இருக்கேன் என்று சொல்லத் தொடங்கி 'வந்து' வரை சொன்னேன், அதற்குள் தலைக்கு மேல் ஒன்று இறங்கியது, இப்போதைய விமானங்களுக்கு முழக்கம் குறைவு, இருந்தாலும் நிறுத்தினேன், அது சிசரோவைத் தாண்டிப் போனதும் 'ட்டே இருக்கேன்' என்று முடித்தேன், சிக்னல் போய்விட்டது என்று நினைத்து அவன் ஏற்கெனவே வைத்துவிட்டிருந்தான்.

மிட்வேயிலிருந்து நகரத்துக்கு 1993இலிருந்து ஆரஞ்சு லைன் ரயில் ஓடுகிறது, நான் அந்த ஊரைவிட்டுப் போனபிறகு வந்தது, ஏறியதில்லை. ஓட்டுநரிடம் என்னை ரயிலடியில் இறக்கிவிட்டுப் போய்விடுங்கள் என்றேன். அவர் சம்மதிக்கவில்லை, வண்டிக்கு நாள்முழுக்கக் காசு கட்டியாகிவிட்டது, ஆளை ஓட்டலில் இறக்கினேன் என்று எழுதிக்கொடுக்கவேண்டும், ரயிலில் இந்த நேரத்தில் உட்கார இடம்கூட இருக்காது என்றார். அதற்குத்தான் போகிறேன் என்றேன். கண்ணாடிவழியாக என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு ரயிலடி வாசலில் நிறுத்தி, காலி வண்டியை ஓட்டல் வாசலுக்கு ஓட்டிக்கொண்டுவருகிறேன், யாராவது கேட்டால் இதில்தான் வந்தேன் என்று சொல்லிக்கொள்ளுங்கள் என்றார்.